அபராதச் சீட்டும் ஓட்டுநர் பதிவும்: பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் மோட்டார் வாகனச் சட்டம்

சாலை விதியை மீறியவரிடமிருந்து சட்டம் இரண்டைப் பறிக்க முடியும். ஒன்று பணம், மற்றது வண்டி ஓட்டும் உரிமை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை நாடாளுமன்றம் 2019இல் திருத்தியபோது இரண்டையுமே இறுக்கியது. அபராதம் உயர்ந்த செய்தி ஊரெங்கும் பேசப்பட்டது. ‘ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம்’ என்பது இன்று டீக்கடையில் நிற்பவருக்கும் மனப்பாடம். உரிமத்தைப் பற்றிய மாற்றங்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நான்கு வழிச்சாலை, சுண்ணாம்புக்கல் லாரி, வயலுக்குப் போகும் மொபெட் மூன்றும் நெருங்கிப் புழங்கும் பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் உயிரைக் காக்கும் வலு அபராதச் சீட்டைவிட உரிமப் பதிவுக்கே அதிகம்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதன் இடத்தில் 1939இல் ஒரு சட்டமும், பிறகு இப்போதைய 1988ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1988இன் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனித் தண்டனை சொல்லப்படாத குற்றங்களுக்கெல்லாம் அதன் 177ஆம் பிரிவு முதல் முறை 100 ரூபாய் வரையும், மறுமுறை 300 ரூபாய் வரையும் அபராதம் வைத்தது. அந்தத் தொகை 30 ஆண்டுகள் மாறவில்லை. 1989இல் 100 ரூபாய் என்றால் யாரும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். 2018இல் அது ஒன்றேகால் லிட்டர் பெட்ரோலுக்குக்கூடச் சரியாகப் போதவில்லை. தண்டனை தன் பொருளை இழந்தது சட்டத்தின் எழுத்தால் அல்ல, விலைவாசியால். இனி அப்படி நேராதிருக்க, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று அபராதத் தொகைகளை 10 சதவீதத்துக்கு மேற்படாமல் மத்திய அரசு உயர்த்தலாம் என்ற 199பி பிரிவும் திருத்தத்தில் சேர்ந்தது.

திருத்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2019 ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் அளித்தார். தண்டனைப் பிரிவுகளில் பெரும்பாலானவை அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தன. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. குடித்துவிட்டு ஓட்டும் முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதம் 10,000 ஆனது, ஆறு மாதச் சிறையும் சேரலாம். காப்பீடு இல்லாத வண்டிக்கு 2,000, மறுமுறை 4,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் என்று புதிதாக ஒரு பிரிவே வந்தது. தலைக்கவசம், சீட் பெல்ட், இருசக்கர வண்டியில் ட்ரிபிள்ஸ் ஆகிய மூன்றுக்கும் தலா 1,000.

நீதிமன்றத்துக்குப் போகாமல் சாலையிலேயே முடித்துக்கொள்ளும் தொகையை, அதாவது எல்லோரும் ஸ்பாட் ஃபைன் என்று சொல்வதை, 200ஆம் பிரிவின்படி மாநில அரசே நிர்ணயிக்கிறது. இந்த இடத்தில்தான் மாநிலங்கள் பிரிந்தன. குஜராத் 2019 செப்டம்பரிலேயே தலைக்கவசத்துக்கான தொகையை 500 ரூபாயாகக் குறைத்தது. தமிழ்நாடு மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து, 2022 அக்டோபரில் அரசாணை வெளியிட்டு, அந்த மாத இறுதியிலிருந்து புதிய தொகைகளை வசூலிக்கத் தொடங்கியது. வண்டி ஓட்டும்போது செல்போனில் பேசினால் முதல் முறை 1,000, மறுமுறை 10,000 ரூபாய் என்பது இந்த அரசாணையின் மிகக் கடுமையான தொகைகளில் ஒன்று.

பெரம்பலூர் பாலக்கரையில் காலை வேளையில் நிற்கும் ஒரு வண்டியை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம். பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட். முன்னால் கால் வைக்கும் இடத்தில் சின்ன வெங்காய மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் பள்ளிச் சீருடையில் பிள்ளை. தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்குகிறது, காப்பீடு போன பொங்கலோடு முடிந்துவிட்டது. கைக்கருவியில் வண்டி எண்ணைத் தட்டியதும் காப்பீட்டுத் தேதி திரையில் வருகிறது. தலைக்கவசத்துக்கு 1,000, ட்ரிபிள்ஸுக்கு 1,000, காப்பீட்டுக்கு 2,000, மொத்தம் 4,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்த ஓட்டுநர் பன்னிரண்டு நாள் மண் வெட்டினால்தான் இந்தத் தொகை தேறும். இதே தொகை, காரில் வரும் வசதியுள்ளவருக்கு ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே அபராதம் எல்லோருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை. வருமானத்தைப் பார்த்து அபராதம் விதிக்கும் முறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. உரிமத்தை மூன்று மாதம் முடக்கினால் ஏழைக்கும் பணக்காரருக்கும் மூன்று மாதம் மூன்று மாதம்தான். பணத்தைவிடப் பதிவு நேர்மையான தண்டனை என்று சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டு மாவட்டங்களின் சாலைகளும் வேறு வேறு குணம் கொண்டவை. 1995 நவம்பர் 1 அன்று திருச்சியிலிருந்து பிரிந்து உருவான பெரம்பலூர் மாவட்டத்தைச் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை வடக்கிலிருந்து தெற்காக அறுத்துச் செல்கிறது. முன்பு 45 என்ற எண் கொண்ட அந்தச் சாலைக்கு இந்தப் பகுதியில் இப்போது 38 என்று பெயர். திருமாந்துறை சுங்கச்சாவடி முதல் வாலிகண்டபுரம், சிறுவாச்சூர், பாடாலூர் வரை சாலையோர ஊர்கள் பலவற்றின் வயல் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் கிடக்கின்றன. சாலை நடுவே திறப்பு இருக்கும் இடம் வரை போய்த் திரும்ப வேண்டியவர், ‘எதுக்கு அவ்வளவு தூரம் சுத்தணும்’ என்று ஓரமாக எதிர்த்திசையிலேயே வண்டியை விடுகிறார். அவருக்கு அது குறுக்குவழி. 2019 திருத்தம் அதை ஆபத்தான ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவுக்குள் பெயர் சொல்லியே கொண்டுவந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் செல்போன் பிடித்து ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் இப்போது ஒரே பிரிவு. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் அதில் எழுதப்பட்டுள்ளன.

அரியலூரின் கதை சுண்ணாம்புக்கல். 2001 ஜனவரியில் முதலில் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி உருவான மாவட்டம் இது. அரசு சிமெண்ட் ஆலை இங்கே 1979இல் வந்தது. அதைச் சுற்றித் தனியார் ஆலைகளும் பெருகின. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல், ஆலையிலிருந்து ஊர்களுக்கு மூட்டை என்று டிப்பரும் லாரியும் ஓயாமல் ஓடுகின்றன. அரியலூர்க்காரருக்குச் சாலையோர மரத்தின் இலை பச்சையா வெள்ளையா என்று பார்த்தாலே லாரித் தடம் எது என்று தெரியும். நடைக் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு நாளில் ஒரு நடை கூடினால் கைக்காசு கூடும். ஒரு நடைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் முதலாளிக்கு டீசல் மிச்சம். வேகமும் ஓவர்லோடும் பிறப்பது இந்தக் கூலிக் கணக்கிலிருந்துதான், ஓட்டுநரின் திமிரிலிருந்து அல்ல.

ஓவர்லோடுக்கான 194ஆம் பிரிவு முன்பு 2,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் விதித்தது. இப்போது 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 ரூபாயும். ஐந்து டன் அதிகம் ஏற்றிய லாரிக்கு முன்பு 7,000 ரூபாய், இப்போது 30,000 ரூபாய். அதோடு, மிகுதிச் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். இந்த உயர்வுக்கு முன்னால் வேறொரு மாற்றமும் நடந்திருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பைத் தளர்த்தி, மூன்று அச்சு லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. நேற்று வரை ஓவர்லோடாக இருந்த மூன்றரை டன் ஒரே நாளில் சட்டப்படியான சரக்காகிவிட்டது. வரம்பை உயர்த்தி அதற்கு மேல் போனால் அபராதத்தைக் கூட்டுவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கிராமச் சாலையும் பழைய பாலமும் அதே எடையைத் தாங்கியாக வேண்டும்.

194ஆம் பிரிவு ஓட்டியவரை மட்டும் அல்ல, ஓட்ட வைத்தவரையும் அனுமதித்தவரையும் பிடிக்கிறது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, ஓவர்லோடு உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின்பேரில் நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம் என 113ஆம் பிரிவும் சொல்கிறது. நடைமுறையில் பிரேக் இன்ஸ்பெக்டர் மடக்கும்போது சாலையில் நிற்பது ஓட்டுநரும் கிளீனரும்தான். முதலாளி போனில் இருக்கிறார்.

இனி உரிமத்தின் பக்கம். ஓட்டுநர் பதிவு என்ற எண்ணம் இந்தியச் சட்டத்துக்குப் புதியதல்ல. புத்தக வடிவில் இருந்த பழைய உரிமங்களில் குற்றங்களைக் குறித்துவைக்கத் தனி இடம் உண்டு. சில குற்றங்களில் தண்டனை தரும் நீதிமன்றம் அதை உரிமத்தில் எழுத வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்து மூன்று ஆண்டுகள் எந்தக் குறிப்பும் விழாதவர், குறிப்பில்லாத புதிய உரிமம் பெறலாம் என்கிறது 25ஆம் பிரிவு. குற்றம் அதிவேகம் மட்டும் என்றால் ஓராண்டு போதும். மறதியும் மன்னிப்பும் சேர்ந்த நல்ல ஏற்பாடு இது. நடைமுறையில் அது தேய்ந்துபோனது. உரிமம் பிளாஸ்டிக் அட்டையானபோது எழுத இடமே இல்லை. ஒரு மாநிலத்தில் உரிமம் இழந்தவர் வேறு மாநிலத்தில் புதிது எடுத்துக்கொண்டால் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

அந்த ஓட்டையை அடைத்தது கணினி. உரிமங்களுக்குச் சாரதி, வண்டிகளுக்கு வாகன் என்ற இரண்டு தரவுத்தளங்கள் நாடு முழுவதையும் இணைத்தன. உரிமங்களுக்கான தேசியப் பதிவேட்டுக்கு 2019 திருத்தம் 25ஏ பிரிவில் சட்ட உருவம் தந்தது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், இடைநீக்கம் செய்யப்பட்ட, ரத்தான உரிமங்களின் விவரத்தைத் தேதி வரிசையில் இணையத் தளத்தில் பதிய வேண்டும் என்றன. ஓட்டுநரின் நடத்தை தொடர்ந்து கண்காணிக்கப்படும் என்றும் அவை சொல்லின. தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கு இந்த மாற்றத்தின் வேகம் நன்றாக நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் அசல் உரிமத்தைக் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று மாநில அரசு கட்டாயப்படுத்தியது. நகல் எடுத்துப் பர்சில் மடித்து வைத்திருந்தவர்கள் பீரோவைத் துழாவினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் டிஜிலாக்கரில் காட்டும் உரிமமே செல்லும் என்று மத்திய விதி திருத்தப்பட்டது.

திருத்தத்தின் மிக வலுவான வரிகள் 206ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் உள்ளன. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், குடித்து ஓட்டுதல், பந்தயம், பாதுகாப்பற்ற வண்டி, ட்ரிபிள்ஸ், தலைக்கவசமின்மை, ஆம்புலன்சுக்கு வழிவிடாமை ஆகிய குற்றங்களில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். முதல் முறை என்றால் மூன்று மாத இடைநீக்கம், மறுமுறை என்றால் ரத்து. அதோடு 200ஆம் பிரிவில் ஒரு காப்பு வரி சேர்ந்தது. ஸ்பாட் ஃபைன் கட்டியதால் இந்த உரிம நடவடிக்கையிலிருந்தோ, மறுபயிற்சி, சமூகப் பணி போன்ற கடமைகளிலிருந்தோ ஒருவர் விடுபட மாட்டார். பணத்தைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்ற நூறாண்டுப் பழக்கத்தைச் சட்டம் முறித்தது இந்த ஒரு வரியில்தான்.

அந்தப் பட்டியலை அரியலூர்ச் சாலையில் நின்று படித்தால் ஒரு குறை கண்ணில் படும். தலைக்கவசம் போடாத மொபெட்காரர் அதில் இருக்கிறார், ஐந்து டன் ஓவர்லோடோடு வரும் லாரி இல்லை. முன்னவர் ஆபத்தில் வைப்பது பெரும்பாலும் தன் தலையை, பின்னது எதிரே வருகிற எல்லோரையும். ஓவர்லோடுக்கு உரிமத்தைத் தொட வேறு வழி உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21ஆம் விதி, பொதுமக்களுக்கு ஆபத்தான செயல்களை வரிசைப்படுத்துகிறது. சரக்கு வண்டியில் மிகுபாரம் ஏற்றுவதும் ஆட்களை ஏற்றுவதும் அதில் உள்ளன. அந்த விதியையும் 19ஆம் பிரிவையும் கொண்டு அதிகாரி உரிமத்தை முடக்கலாம். ஆனால் சாலையில் அந்தக் கணமே கைப்பற்றுவதற்கும், பிறகு கோப்பு நகர்ந்து நோட்டீஸ் போவதற்கும் உள்ள தூரம் பெரிது. திருத்தத்தை மறுபடி திருத்தும் நாள் வந்தால் 194ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

உரிமத்தின் மீது கவனம் திரும்பியதற்குத் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரின் பங்கு பெரிது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்துச் சாவுகளைத் தடுக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் பலனாக 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடித்து ஓட்டுதல், செல்போன் ஆகிய குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை இடைநீக்க வேண்டும் என்று அந்தக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் என்ற அளவு 2019 சட்டத்துக்கு முன்பே நடைமுறையில் ஊன்றியது இப்படித்தான். இந்தப் பட்டியலில் ஓவர்லோடு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைக்கவசத்துக்கு உயிர் கொடுத்ததும் நீதிமன்றமே. 2015 ஜூலை 1 முதல் அது கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் தீர்ப்பளித்தார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில் பிறந்தது.

குடித்து ஓட்டுவது ஸ்பாட் ஃபைனில் தீராது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். 185ஆம் பிரிவில் தண்டனை பெற்றவருக்குக் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை விதிக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. தடைக் காலத்தில் வண்டியைத் தொட்டால் முன்பு 500 ரூபாய் அபராதம், இப்போது 10,000.

கேமரா வந்த பிறகு வேறொரு சிக்கல் முளைத்தது. 2021இல் சேர்ந்த 167ஏ விதிப்படி, கருவி பதிவு செய்த குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கேமராவின் கண்ணில் படுவது நம்பர் பிளேட். டி.என். 46 என்றால் பெரம்பலூர், டி.என். 61 என்றால் அரியலூர் என்று வண்டி தெரிகிறது, ஓட்டியவர் தெரிவதில்லை. சலான் உரிமையாளரின் செல்போனுக்குப் போகிறது. மகன் ஓட்டியதற்கு அப்பா கட்டுகிறார், ஓட்டுநர் ஓட்டியதற்கு லாரி முதலாளி கட்டிவிட்டு மாதக் கணக்கில் கழித்துக்கொள்கிறார். ஓட்டியவரின் உரிமப் பதிவில் ஒரு கோடும் விழுவதில்லை. இதற்கு மருந்தும் சட்டத்திலேயே உண்டு. குற்றம் நடந்தபோது ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரத்தைக் கேட்டால் உரிமையாளர் தர வேண்டும் என்பது 133ஆம் பிரிவு. நாளொன்றுக்குப் பல ஓட்டுநர்கள் மாறி ஏறும் டிப்பர் கூட்டங்களில் இந்தப் பிரிவைப் பயன்படுத்தாவிட்டால், எத்தனை கேமரா வைத்தாலும் பதிவேடு வெற்றுத்தாள்தான்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கே லாரி ஓட்டித் திரும்பியவர்களுக்குப் புள்ளி முறை பழக்கமானது. அங்கே ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டப் புள்ளி உண்டு. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநீக்கம், சிவப்பு விளக்கைத் தாண்டினாலே 12 புள்ளி. பிரிட்டனில் மூன்று ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தவருக்குப் பொதுவாக ஆறு மாதத் தடை. சிறு குற்றம் ஒவ்வொன்றுக்கும் தனியே தண்டிக்காமல், அவை குவிவதைக் கணக்கெடுப்பது இந்த முறையின் பலம். ஒரு நாள் அவசரத்தில் தவறியவரையும் தினம் தவறுகிறவரையும் அது பிரித்துக்காட்டும். இந்தியாவிலும் புள்ளி முறை பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

சிறுவர் ஓட்டினால் பெற்றோரே பொறுப்பு என்பதும் 2019இன் மாற்றம். 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. கறவை மாட்டுப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோக ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் வீடுகள் இந்தப் பிரிவை அறிந்தால் கை நடுங்கும். விதியை அமல்படுத்துபவருக்கும் தனி அளவு உண்டு. சட்டத்தை நடத்தும் அதிகாரியே விதியை மீறினால் 210பி பிரிவின்படி இரட்டிப்புத் தண்டனை. சாலையைத் தரமின்றி அமைத்ததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்பு அல்லது ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 198ஏ.

உரிமத்தை முடக்குவது தொழில் ஓட்டுநருக்கு மூன்று மாதச் சோற்றை முடக்குவது. ஆகவே அந்த அதிகாரம் சாலையில் நிற்கும் காவலரிடம் இல்லை. அவர் கைப்பற்றி அனுப்புவார், முடிவெடுப்பது உரிமம் வழங்கும் அதிகாரி. அவரும் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே, காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வரும் நோட்டீசைப் பிரிக்காமலே கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைக்கும் ஓட்டுநர் இந்த உரிமைகளை அங்கேயே இழக்கிறார். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டதால், எழுத்துப் பழக்கம் குறைந்த பலர் சட்டப்படி லாரி ஓட்ட வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் தெளிந்த தமிழில், எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற வரியோடு போக வேண்டும்.

தொழில் வாகன உரிமத்தின் காலம் 2019 திருத்தத்தால் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தானது. ஆபத்தான சரக்கு ஏற்றுபவருக்கு ஓராண்டு மூன்றாண்டானது. சொந்த வண்டி ஓட்டுபவர் 30 வயதுக்குள் உரிமம் எடுத்தால் 40 வயது வரை செல்லும். காலாவதிக்கு ஓராண்டு முன்பும் பின்பும் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் இடைவெளி நீண்டதால், கவுன்டரில் ஒருவரின் முகத்தையும் பழைய குற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு முன்பைவிட அரிதாகிவிட்டது. அந்த ஐந்தாண்டில் நடந்ததைச் சொல்லச் சாரதியின் திரை ஒன்றுதான் உண்டு. அதில் எது ஏறியிருக்கும் என்பது பாடாலூரிலோ கீழப்பழூரிலோ வண்டியை மடக்கியவர், வண்டி எண்ணோடு ஓட்டியவரின் உரிம எண்ணையும் கேட்டு எழுதினாரா என்பதைப் பொறுத்தது.